பன்னிரண்டு ஏ

ஏழாம் காணிக் கனகலிங்கத்தின் வயலுக்குள் தண்ணீர் வந்து கணுக்காலை மூடிவிட்டது. கணினியோ, தண்ணீர் இன்னும் குளத்து மதகான துருசடியை விட்டுக் கிளம்பவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கனகலிங்கம் சேற்றுக் காலோடு ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு அலுவலகத்துக்குள் ஏறி, அப்போதுதான் கழுவிவிட்டிருந்த சீமெந்து நிலத்தில் தன் வருகையைப் பதித்துக்கொண்டு லக்ஷனின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, உம்மட கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து என்ர வரம்பிலை வையும். அது தண்ணியைக் கண்ணாலையாவது பாக்கட்டும்."

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா, கணக்குப் போட்டுக்கொண்டிருக்குது."

"அது போடட்டும். வந்த தண்ணியை எட்டாம் காணிக்காரன் மறிச்சுக்கொண்டு நிக்கிறான். முறைத் துண்டு அச்சடிச்சு வரேல்லையாம், அதாலை என்ர முறை தொடங்கேல்லையாம்."

லக்ஷன் திரையைப் பார்த்தான். திரை அவனைப் பார்த்தது.

துணுக்காய்ப் பக்கத்துப் புதுக்கட்டுக் குளத்தில் ஆடி மாதம் வந்தால் தண்ணீரை விடச் சேறுதான் கூட. சிறுபோக நெல் கதிருக்குக் குடலை தள்ளும் நேரமும் அதுதான். அதனால் காணி காணியாக முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். முன்பெல்லாம் அம்மன் கோயிலில் சீட்டுக் குலுக்கி முறை எடுத்தார்கள். பிந்திய சீட்டுக் கிடைத்தவர்கள் எல்லோரும் குலுக்கிய கையைத் திட்டினார்கள். அந்தக் கை எப்போதும் அமைப்பின் தலைவர் செல்வநாயகத்தினுடையது. சண்டை நின்று சமாதானம் வந்து, யாழ்ப்பாணப் பாதை திறந்து, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஒரு பழைய கணினியையும் கூரைக்கு ஒரு சூரியத் தகட்டையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனபோது, இனித் திட்டு வாங்க வேறு ஆள் கிடைத்துவிட்டதென்று அவர் மனம் குளிர்ந்தார். கணினிதான் அந்த ஆள் என்று அவர் நினைத்திருந்தார். ஆனால் கணினியைத் திட்டி யாருக்கும் திருப்தி வரவில்லை. திட்டு முழுவதும் லக்ஷனுக்குப் போனது.

லக்ஷன் வவுனியாவில் கணினி படித்து வந்தவன். எழுதிய நிரலில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எல்லாக் காணிகளின் முறையையும் ஒரேயடியாகக் கணக்கிட்டு அடுக்கி வைக்க அந்தக் கணினிக்கு நினைவு போதாது. ஆகவே, பொத்தானை அழுத்தினால் அடுத்த காணி ஒன்றை மட்டும் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு நிற்கும்படி அதை எழுதியிருந்தான். பந்தியில் சோற்றுப் பானையை அப்படியே இலையில் கவிழ்க்காமல், கேட்டால் ஓர் அகப்பை, மறுபடி கேட்டால் இன்னோர் அகப்பை என்று பரிமாறுகிற மாதிரி. வினோஜாவுக்கு அவன் இதை இப்படித்தான் விளக்கினான்.

அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "பரிமாறுற ஆள் அகப்பையோட நித்திரையாப் போனா என்ன செய்யிறது?" என்று கேட்டாள்.

வினோஜா தலைவரின் ஒரே மகள். அலுவலகத்துக்கு அடுத்த கட்டடத்தில் முன்பள்ளி நடத்துகிறாள். அவளுக்கும் லக்ஷனுக்கும் இடையில் இருந்தது ஊருக்கே தெரியும். ஆனால் யாரும் யாரிடமும் முறையாகப் பேசவில்லை. லக்ஷனின் தாய் கமலேஸ்வரிக்கும் தெரியும். அவருக்கு வினோஜாவைப் பிடிக்கும். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் தோட்டத்தையும் துரவையும் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரேயொரு பிடிவாதம். நகை வேண்டாம், காசு வேண்டாம், மகனுக்கு வருகிறவள் ஒரு துண்டு வயலோடு வர வேண்டும். காணி இல்லாத சம்பந்தத்துக்குத் தான் பந்தலுக்கும் வரப்போவதில்லை என்று சோறு போடும்போதெல்லாம் சொல்லுவார். லக்ஷனும் தலையாட்டிக்கொண்டு சாப்பிடுவான்.

கனகலிங்கம் போனதும் செல்வநாயகம் உள்ளே வந்தார். சத்தம் போடவில்லை, அவர் சத்தம் போடாவிட்டால்தான் பயம். அடுத்த சுற்றுக்குள் இந்தப் பெட்டி தண்ணீரை விட வேகமாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் அதைத் துணியால் மூடிவிட்டுத் தான் பழையபடி சீட்டுக் குலுக்கப் போவதாகச் சொன்னார். மூடினால் லக்ஷனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்குச் செல்வநாயகம் பெண் கொடுக்கிறவரும் இல்லை.

பிழை எங்கே என்று லக்ஷன் கண்டுபிடித்துவிட்டான். நிரல் தண்ணீரை வாய்க்கால் வழியே அடி அடியாக நடத்திப் பார்த்தது. ஒவ்வோர் அடியிலும், கையில் இருக்கும் காணி இலக்கம் எண்ணா எழுத்தா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடியை வைத்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஒருமுறை பையைத் திறந்து காட்டலாம். மரத்துக்கு மரம் திறந்து காட்டினால் பஸ் எப்போது கிளிநொச்சி போய்ச் சேரும்? இதற்கு மருந்து உண்டு. வரப்போவது முழு எண் மட்டுமே என்று நிரலின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால், கணினி எதையும் திறந்து பார்க்காமல் நம்பி ஓடும்.

அவன் அப்படியே அறிவித்தான். பொருந்தாத ஏதாவது வந்தால் அதற்காக நிற்காதே, விட்டுவிட்டு அடுத்ததைக் கொடு என்றும் ஒரு வரி சேர்த்தான்.

பொத்தானை அழுத்திய விரலை எடுக்கும் முன்பே துண்டு வந்து விழுந்தது. செல்வநாயகம் இரண்டு முறை தானே அழுத்திப் பார்த்தார். பிறகு, பக்கத்து மேசையில் இருந்த இரஞ்சிதத்திடம் தம்பிக்கு ஒரு தேத்தண்ணி போடச் சொன்னார். இரஞ்சிதம் அலுவலகத்தின் பழைய ஆள். காணி விபரங்களைக் கணினிக்குள் அடிப்பது அவர் வேலை. தலைவர் சொன்னதைச் செய்வார். சொல்லாததைக் கதைக்க மாட்டார். அப்படி ஒருவர் ஓர் அலுவலகத்தில் இருப்பது பெரிய ஆறுதல் என்று லக்ஷன் அப்போது நினைத்தான்.

அந்தச் சுற்று முழுவதும் ஒரு முறைப்பாடும் வரவில்லை. லக்ஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்பள்ளி வேலியோரமாக நடந்தான்.

முறைப்பாடு வராததற்குக் காரணம் வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குளத்துக்குக் குடியேறியவர்களுக்கு முதலில் கிடைத்த காணிகளுக்கெல்லாம் வெறும் எண்தான். பிறகு பிள்ளைகள் வளர்ந்தார்கள். மகளுக்குக் கல்யாணம் என்றால் தகப்பன் காணிக்குக் குறுக்கே ஒரு வரம்பு போட்டுச் சீதனமாக மருமகனுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஏழாம் காணியில் பிரிந்த துண்டு ஏழு ஏ. இன்னொரு மகள் இருந்தால் ஏழு பி. எண் மட்டுமே வரும் என்று கணினிக்கு அறிவித்த அன்று, ஊரில் இருந்த மருமகன்மார் அத்தனை பேரும் ஒரே வரியில் விடுபட்டுப் போனார்கள். நிரல் அவ்வளவு வேகமாக ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் கிடைக்காத மருமகன்மார் வாய் திறக்கவில்லை. தங்கள் பங்கு மாமனின் வயலுக்குப் போகிறது என்று தெரிந்தும், மாமாவுக்கு எதிராக அமைப்பில் போய் எப்படிச் சொல்வது? மாமன்மாரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? வாய் திறந்தது பெண்கள்தான். கனகலிங்கத்தின் மூத்த மகள் வாடிய நெற்பயிரை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து லக்ஷனின் விசைப்பலகை மேல் வைத்தாள். தன் புருசன் தில்லைநாதன் மாமனுக்கு மரியாதை கொடுத்துக் கொடுத்து வயல் காய்கிறது, தகப்பனுக்கு மகள் மரியாதை கொடுக்க வேண்டிய தேவை இல்லை, இதை இன்றைக்கே திருத்தாவிட்டால் அப்பாவின் குசினிக்குள் இனிக் கால் வைக்கப் போவதில்லை என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து மகள்மார் வரிசையில் நின்றார்கள்.

லக்ஷன் திருத்தினான். எழுத்தைச் சேர்த்தால் வேகம் போய்விடும். எண் மட்டும் என்றால் மருமகன் போய்விடுவார். நடுவழி ஒன்று கண்டான். வரப்போவது எண்தான், ஆனால் பின்னமும் வரலாம் என்று அறிவித்தான். ஏ என்றால் அரை. பி என்றால் முக்கால். ஏழு ஏ என்பது ஏழரை ஆகிவிடும். கணினிக்கு எல்லாமே எண்; மருமகன்மாரும் உள்ளே; வேகமும் அப்படியே. அன்றைக்கு அவன் தன் அறிவை நினைத்துத் தானே கொஞ்சம் பயந்தான்.

மறுநாள் காலையில் தில்லைநாதன் தன் துண்டோடு வந்தார். மாமனைப் பற்றி வாய் திறக்காதவருக்குக் கணினியைப் பற்றி வாய் திறப்பதில் தடை எதுவும் இருக்கவில்லை.

"இதிலை என்ன அடிச்சிருக்கிறீர்?"

"உங்கட முறை, அண்ணை."

"வாசியும்."

"ஏழரை."

"தேத்தண்ணிக் கடையிலை என்னைக் கண்ட உடனை எல்லாரும் எழும்பி நிக்கிறாங்கள். ஏழரை வருது, வழி விடுங்கோ எண்டு. மாமி காலமை எனக்கு எள்ளெண்ணெய் எரிச்சுப்போட்டுத்தான் மற்ற வேலை பாத்தவா."

அவருடைய சகலன், ஏழு பிக்காரர், ஏழே முக்கால் என்று அச்சடிக்கப்பட்டதில் பரம திருப்தியோடு இருந்தார். மூத்த மருமகன் அரை, தான் முக்கால் என்று அவர் கண்ட இடமெல்லாம் சொன்னதால், ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடித்த இரண்டு வீடுகளும் பேச்சை நிறுத்தின.

பின்னத்தை வெளியே காட்டாமல் விட்டால் போகிறது என்று லக்ஷன் துண்டில் மட்டும் முழு எண்ணை அச்சடிக்கச் சொன்னான். கணினி சொன்னதைச் செய்தது. ஏழரையைக் கிட்டிய முழு எண்ணாக்கினால் எட்டு. கனகலிங்கத்தின் இரண்டு மருமகன்மாரும் எட்டாம் காணியோடு போய்ச் சேர்ந்தார்கள். எட்டாம் காணிக்காரருக்கும் கனகலிங்கத்துக்கும் வரம்புத் தகராறு. பல வருசமாக முகத்தைப் பார்ப்பதில்லை. இப்போது எட்டாம் காணிக்காரர் தன் வரம்பில் நின்று, "மருமக்கள் வாங்கோ, தண்ணி எடுங்கோ" என்று கனகலிங்கத்துக்குக் கேட்கக் கூப்பிட்டார். கனகலிங்கம் அன்று மண்வெட்டியோடு அலுவலகத்துக்கு வந்தார். அவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கிச் சுவரில் சாத்தி வைத்தவர் இரஞ்சிதம்தான்.

இந்த முறை லக்ஷன் அவசரப்படவில்லை. இரண்டு நாள் வெறும் கடதாசியில் எழுதிப் பார்த்தான். கடைசியில், மாமன்மாருக்கு ஒரு நிரல், மருமகன்மாருக்கு ஒரு நிரல் என்று பிரித்தான். முதலாவதில் எண் மட்டும் வரும் என்று அறிவித்தான். இரண்டாவதில் எண்ணும் ஓர் எழுத்தும் சேர்ந்து வரும் என்று அறிவித்தான். எதற்கும் எதையும் திறந்து பார்க்க வேண்டிய தேவை இல்லை. மூன்றாவதாக ஒன்று நடுவில் நின்று, மாமனிடம் ஒன்று கேட்டு வாங்கி, அந்த மாமனுக்கு மருமகன் இருந்தால் அவரிடமும் கேட்டு வாங்கி, வரிசை பிசகாமல் வெளியே கொடுத்தது. வேகமும் இருந்தது, மருமகன்மாரும் இருந்தார்கள், அவரவர் மாமனோடு. கனகலிங்கம் துண்டை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்து, ஒன்றும் சொல்லாமல் போனார். அதை லக்ஷன் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் பன்னிரண்டு ஏ வந்தது.

பன்னிரண்டாம் காணி செல்வநாயகத்தினுடையது. அவருக்கு இருப்பது ஒரே மகள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மருமகன் இல்லாத மாமனுக்கு மருமகன் காணி எங்கிருந்து வந்தது? பெயர் இருக்க வேண்டிய இடமும் வெறுமையாக இருந்தது. துண்டில் முழு எண் அச்சடித்த நாட்களில் பதின்மூன்றாம் காணிக்கு அம்மன் அருளால் கூடுதலாக ஒரு முறை கிடைத்தது, பன்னிரண்டரை பதின்மூன்றானதால்தான் என்று அவனுக்கு இப்போது விளங்கியது. இது தன்னுடைய பின்ன வைத்தியம் விட்டுச் சென்ற மிச்சம் என்று நினைத்து அதை அழித்துவிட்டான்.

அடுத்த நாள் அது திரும்ப வந்தது. திரும்ப அழித்தான். அது மறுபடியும் வந்தது. லக்ஷனுக்கு ரோசம் வந்தது. மருமகன் காணி என்றால் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும், பெயர் என்று வருவது எழுத்தாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே எடுக்காதே என்று அறிவிப்பை இறுக்கினான். மறுநாள் பொத்தானை அழுத்தினான். துண்டு வந்தது. காணி: பன்னிரண்டு ஏ. உரிமையாளர்: பிறகு.

பழைய மிச்சமோ கணினிக் கிருமியோ இப்படி எழுதாது. யாரோ ஒரு மனிதர்தான் இதை அடித்திருக்கிறார். காணி தலைவருடையது. தண்ணீர் போவதும் தலைவரின் வயலுக்கு. இல்லாத மருமகன் பெயரில் தலைவர் இரண்டாவது முறை எடுக்கிறார் என்பதைத் தவிர வேறு அர்த்தம் அவனுக்குத் தோன்றவில்லை. இரஞ்சிதத்தைக் கேட்டுப் பார்த்தான். ஆடி மாதத்தில் தன்னிடம் ஒன்றும் கேட்க வேண்டாம் என்றுவிட்டு அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பயந்துபோய் இருக்கிறார் என்று அவன் நினைத்தான்.

வினோஜாவிடம் மட்டும் வேலியோரம் நின்று சொன்னான். அவள் முகம் சட்டென்று சிவந்தது.

"அதைத் தொடாதேங்கோ. அது பாட்டுக்கு இருந்திட்டுப் போகட்டும்."

"பிழை எண்டு தெரிஞ்சும் எப்பிடி விடுறது?"

"உங்களுக்கு எல்லாத்தையும் திறந்து பாத்தாத்தான் நம்பிக்கை வருமோ?" என்று கேட்டுவிட்டு அவள் பிள்ளைகளிடம் போய்விட்டாள்.

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தகப்பனைக் காப்பாற்றப் பார்க்கிறாள். லக்ஷன் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். வயல் காய்ந்து ஒவ்வொருவரும் ஒரு செம்புத் தண்ணீருக்கு அடிபடுகிற நேரத்தில் திருட்டு முறை எடுக்கிற மனிதரை இனி எப்படி மாமா என்று கூப்பிடுவது? கூப்பிடாமல் விட்டால் வினோஜா என்ன ஆவது? கமலேஸ்வரி வழக்கம்போல வயல் கதையைத் தொடங்கினார். அவன் இந்த முறை தலையாட்டவும் இல்லை.

கதை வெளியே போக நாளெடுக்கவில்லை. அந்தத் துண்டு எப்படியோ தில்லைநாதன் கையில் கிடைத்துவிட்டது. ஏழரைப் பட்டம் வாங்கியவருக்கு அது போதும். அலுவலகத்தில் நடந்த அமைப்பின் கூட்டத்தில் எழுந்து நின்று, தலைவருக்கு 'பிறகு' என்றொரு மருமகன் இருக்கிறாராம், அவரை ஊர் இன்னும் காணவில்லை, ஆனால் அவர் வயலுக்கு மட்டும் தண்ணீர் ஒழுங்காகப் போகிறது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

செல்வநாயகம் எழுந்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து மறு தோளில் போட்டார்.

"அதைப் பற்றி நான் ஆவணி பிறந்தாப் பிறகு சொல்லுறன்," என்றார்.

"ஆவணி பிறக்க முந்தியே பயிர் காய்ஞ்சிடும், தலைவர். எங்களுக்கு இப்ப சொல்லுங்கோ," என்றார் தில்லைநாதன். பின்வரிசையில் யாரோ, தலைவரை மாற்றுவோம் என்றார்கள்.

இத்தனை வருசம் சீட்டுக் குலுக்கித் திட்டு வாங்கிய மனிதர் ஊருக்கு முன்னால் தலை குனிந்து நிற்கிறார். பக்கத்துக் கதவில் வினோஜா நிற்கிறாள். அவர் செய்தது பிழைதான். ஆனாலும் அந்த நேரத்தில் லக்ஷனுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வந்தது. தன் பெயர் கெட்டால் தன் வேலை மட்டும்தான் போகும். அவர் பெயர் கெட்டால் அந்த வீடே தலை நிமிராது. அவன் எழுந்து கணினிக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"ஐயாவிலை ஒரு பிழையும் இல்லை. பன்னிரண்டு ஏ எண்டது நான் விட்ட பிழை. அப்பிடி ஒரு காணி கொம்பியூட்டருக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். உங்கள் எல்லாருக்கும் முன்னாலை அழிக்கிறன், பாத்துக்கொள்ளுங்கோ."

அழித்தான். இனிப் பன்னிரண்டாம் காணிக்கு எழுத்தே வராதபடி ஓர் அறிவிப்பையும் எல்லோரும் பார்க்க எழுதிப் பூட்டினான். சபை மூச்சு விட்டது. கனகலிங்கம், கணக்கில் பிழை விடுவதற்கென்றே பிறந்த பிள்ளை என்று சொல்லித் தலையில் கைவைத்தார். தில்லைநாதன் உட்கார்ந்துவிட்டார்.

செல்வநாயகம் மட்டும் உட்காரவில்லை. லக்ஷனையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிய மாதிரி இருந்தது. கோபத்திலும் அப்படி ஆவதுண்டு. பிறகு சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை முடிக்காமலே வெளியே நடந்தார். லக்ஷன் வினோஜாவைத் தேடினான். கதவில் அவள் இல்லை.

திருட்டைப் பிடித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, இனி என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று லக்ஷன் முடிவு கட்டினான். ஆடியின் மிச்ச நாட்களை வீட்டிலேயே கழித்தான். நிரல் தன்பாட்டில் ஓடியது. பொத்தானை இரஞ்சிதம் அழுத்தினார், துண்டு வந்தது, தண்ணீர் போனது, யாரும் யாரையும் வெட்டவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகத் தான் எழுதிய ஒன்று சரியாக ஓடுகிற நேரத்தில், அதைப் பார்க்கத் தனக்கு மனம் இல்லையே என்று அவனுக்கு அழுகை வந்தது. தலைவர் வீட்டிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. மகன் ஏன் படுத்தே கிடக்கிறான் என்று விளங்காமல் கமலேஸ்வரி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்.

ஆவணி பிறந்த அன்று காலையில் அவன் முகம் கழுவி, வெளுத்த சேட்டுப் போட்டு, அலுவலகப் பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான். தாய் முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். வவுனியாவில் வேறு வேலை பார்க்கப் போவதாக வந்து சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே போனான்.

அலுவலகத்தில் இரஞ்சிதம் மட்டும் இருந்தார். வழக்கத்துக்கு மாறாக, அவனைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்தார்.

"திறப்பைத் தந்திட்டுப் போக வந்தனான் அக்கா," என்றான் லக்ஷன். "ஐயாட்டைக் குடுத்திடுங்கோ. நான் செய்தது அவருக்கு மனவருத்தம் எண்டு தெரியும். அவரைக் காணவும் எனக்கு முகம் இல்லை."

இரஞ்சிதம் திறப்பை வாங்கவில்லை.

"ஆடியிலை கல்யாணக் கதை கதைக்கக் கூடாதெண்டு என்ர வாயைக் கட்டிப்போட்டவர் தம்பி, இனிச் சொல்லலாம்: பன்னிரண்டு ஏ ஐயா உங்களுக்கெண்டு பிரிச்ச சீதனக் காணி, பேரைப் பிறகு போடுவம் எண்டு சொல்லி என்னைக்கொண்டு அடிப்பிச்சவர், அந்தச் சீதனமே வேண்டாமெண்டு முழுச் சபைக்கும் முன்னாலை அழிச்ச பிள்ளையைப் பெத்த தாயைக் கையெடுத்துக் கும்பிட வேணுமெண்டு, இப்பத்தான் வெத்திலைத் தட்டத்தோட உங்கட அம்மாட்டைப் போறார்."